கேள்வி – பதில்: வேலி தாண்டிய ஹீமோகுளோபின்

கேள்வி: எங்கள் ஆறு வயது மகனுக்கு ஜி6பிடி (சிவப்பணு உடையாமல் காக்கும் நொதி) குறைபாடு. பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்த உடுப்பை உடுத்திய இரண்டாம் நாள், சிறுநீர் கோப்பி-ஓ நிறத்தில் போனது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான். ரத்த அணு உடைந்துவிட்டது என்றார்கள். அணு உடைந்தால் வயிறு ஏன் வலிக்கிறது?
– வாசகி, பீடோர் தோட்டப்புறம்

பதில்: நைட்ரிக் ஆக்சைடு பற்றாக்குறை ஒரு காரணம். ரத்தக் குழாயின் உட்சுவர் சுரக்கும் வாயு இது. குழாய்த் தசையும் குடல் தசையும் தளர்வதற்கு இது வேண்டும்.

ஹீமோகுளோபினோ இதற்கு யமன். ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபின் தொட்டவுடன் இதை நைட்ரேட்டாக்கிவிடும். தானும் மெத்ஹீமோகுளோபினாகி ஆக்சிஜன் சுமக்க முடியாமல் போகும். அப்படியானால் எல்லோருக்குமே குழாய் இறுகிக் கிடக்க வேண்டுமே? சிவப்பணுவின் சவ்வு வேலியாக நிற்கிறது. அதோடு, அணுக்கள் குழாயின் நடுவில்தான் ஓடும். சுவரோரம் பெரும்பாலும் பிளாஸ்மா என்ற ரத்தத்தின் நீர்ப்பகுதிதான். அணு உடைந்து கொட்டிய ஹீமோகுளோபினுக்கு இந்தத் தடைகள் கிடையாது. உள்ளே இருந்ததைவிட ஏறத்தாழ 1,000 மடங்கு வரை வேகமாக வாயுவை விழுங்கும். தசை இறுகும், வயிறு முறுக்கும். சிந்தியதை முதலில் ஹாப்டோகுளோபின் என்ற புரதம் கட்டிப்பிடிக்கும். அது தீர்ந்ததும் மிச்சம் சிறுநீரில் இறங்குகிறது. நீங்கள் பார்த்த நிறம் அதுதான்.

பாச்சை உருண்டையிலுள்ள நாஃப்தலீனின் பாதிப்பு 1 முதல் 3 நாள் கழித்தே தெரியும். "அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று இருந்துவிடாதீர்கள். உருண்டையை எறிந்தால் மட்டும் போதாது, துணியில் ஊறிய வாடை போகத் துவைத்து வெயிலில் போடுங்கள்.

இன்னொன்று. ஆக்சிஜன் கொடுத்தும் உதடு நீலமாகவே இருந்து, விரல் ஆக்சிமீட்டர் 85 பக்கமே நின்றால் மெத்ஹீமோகுளோபின் கூடியிருக்கலாம். அதற்கு வழக்கமான மருந்து மெத்திலீன் புளூ. அது வேலை செய்ய ஜி6பிடி நொதி தேவை. நொதி குறைந்த பிள்ளைக்கு அதுவே இன்னும் அணுக்களை உடைக்கும். ஆகவே அவசரப் பிரிவில் பெயருக்கு அடுத்தபடியாக ஜி6பிடி என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பீட்ரூட் சாறு ரத்த அழுத்தத்தைக் குறைக்குமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கொஞ்சம். பீட்ரூட்டின் நைட்ரேட்டை நாக்கிலுள்ள பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு செய்யும். மேலே யமன் என்றோமே, அதே ஆள்தான்! கிருமிகொல்லி மவுத்வாஷ் கொப்பளித்தால் பாக்டீரியா செத்து, சாற்றின் பலன் குறையும். கிளினிக் மாத்திரையை நிறுத்துமளவுக்கு இது இறக்காது.