பழைய கணினிகளுக்குத் தன்னார்வலர்கள் செய்யும் உலாவிகளை எப்படிப் பராமரிக்கிறார்கள்? அவற்றை நம்பலாமா?

விண்டோஸ் எக்ஸ்பி, பவர்பிசி பிராசசர் உள்ள பழைய ஆப்பிள் மேக் போன்ற கைவிடப்பட்ட கணினிகளுக்கு இன்னும் சிலர் உலாவி செய்து தருகிறார்களே, அது எப்படி நடக்கிறது, நம்பிப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியொரு உலாவிக்குச் சில வருடங்களாகச் சோதனை செய்கிறேன், சின்னச் சின்னத் திருத்தங்களும் அனுப்புகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய கணினியில் ஓடும்படி ஒருமுறை கம்பைல் செய்து (மூலநிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றி) கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பழைய கணக்கு மென்பொருள் பத்து வருடம் கழித்தும் அப்படியே ஓடும். உலாவியோ முன்பின் தெரியாத யார் யாரோ எழுதிய நிரலை நாள் முழுக்க வாங்கி ஓட்டுகிறது. கவனிக்க ஆளில்லாமல் விட்டால் சீக்கிரமே ஆபத்தாகிவிடும். ஆகவே இந்த வேலையின் பெரும்பகுதி, மற்றவர்கள் செய்த பாதுகாப்புத் திருத்தங்களை உட்கார்ந்து படிப்பதுதான்.

இந்த உலாவிகளில் பல ஃபயர்ஃபாக்ஸ் நிரலிலிருந்து பிரிந்தவை. ஃபயர்ஃபாக்ஸின் புதிய பதிப்பு வந்ததும் எந்தெந்த ஓட்டைகள் அடைக்கப்பட்டன என்ற பட்டியல் வரும். ஓட்டையின் முழு விவரம் சில காலம் பூட்டியே இருக்கும். மாறிய நிரல் மட்டும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். பராமரிப்பவர் ஒவ்வொரு மாற்றத்தையும் எடுத்து, தன் பழைய கிளையில் (தான் பிரித்தெடுத்து வைத்திருக்கும் நிரலில்) இந்தத் தவறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில நேரம் அந்த வசதியே பிறகு வந்ததாக இருக்கும், விட்டுவிடலாம். சில நேரம் அதே வரிகள் அப்படியே இருக்கும், நிமிடத்தில் முடிந்துவிடும். தவறு இருக்கும், ஆனால் இடையில் அந்தச் செயற்கூறு (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) மூன்றாகப் பிரிந்து வேறு கோப்புக்குப் போயிருக்கும் என்ற நிலைதான் ஆளைத் தின்னும். திருத்தத்தின் கருத்தைப் புரிந்துகொண்டு பழைய நிரலுக்கு ஏற்றபடி புதிதாக எழுத வேண்டும். சரியாக அடைத்தோமா என்று பார்க்கச் சோதனைக் கோப்பும் பெரும்பாலும் வெளியே கிடைக்காது.

இதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. மூலத் திட்டம், அதாவது நாம் நிரலை எடுத்த ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவி, ஒரு பகுதியை முழுதாக நீக்கிவிட்டுப் புதிதாக எழுதியிருக்கும். அந்த நீக்கிய பகுதி நம்மிடம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதில் ஓட்டை இருந்தால் அறிவிக்க யாருமில்லை.

இந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் டென்ஃபோர்ஃபாக்ஸ். 2011இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 4 பவர்பிசி மேக்குகளைக் கைவிட்டது. கேமரன் கைசர் அதன் நிரலை எடுத்து, டென்ஃபோர்ஃபாக்ஸ் என்ற பெயரில் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.4 வரை பின்னோக்கி ஓட வைத்தார். பவர்பிசி பிராசசருக்கென்று ஜாவாஸ்கிரிப்டுக்கான ஜேஐடி கம்பைலரையே (பக்கத்திலுள்ள நிரலை ஓடும்போதே பிராசசரின் மொழிக்கு மாற்றி வேகமாக்கும் பகுதி) எழுதினார். ஒரு கட்டத்தில் மூலத் திட்டத்தின் வேகத்தோடு ஓட முடியாமல் ஃபயர்ஃபாக்ஸ் 45இன் நிரலிலேயே நின்று, அதற்குப் பிறகு வந்த திருத்தங்களை வருடக்கணக்கில் பின்னோக்கிக் கொண்டுவந்தார். 2021இல், பல மாதங்களுக்கு முன்பே சொல்லிவிட்டு, வழக்கமான வெளியீடுகளை நிறுத்தினார். மூலநிரல் வெளியே இருந்ததால் வேறு சிலர் அதிலிருந்து தொடர்ந்தார்கள். முன்கூட்டிச் சொல்லி நிறுத்தியதை நான் பெரிய பொறுப்புணர்வாகப் பார்க்கிறேன். இந்த உலகில் பல திட்டங்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் மறைந்துபோகின்றன; அதைப் போட்டிருப்பவருக்கு அது நின்றுபோனதே தெரியாது.

உலாவியில் பக்கத்தைப் படித்துக் காட்டும் மையப் பகுதிதான் எஞ்சின். பழைய எஞ்சினை வைத்துக்கொண்டு திருத்தங்களைக் கொண்டுவருவது ஒரு வழி. ஃபயர்ஃபாக்ஸிலிருந்து பிரிந்த பேல் மூன் குடும்பத்திலிருந்து எக்ஸ்பிக்காகப் பிரிந்த நியூ மூன் அந்த வகை. புதிய எஞ்சினையே எடுத்துப் பழைய இயங்குதளத்துக்கு இறக்குவது இன்னொரு வழி. கூகுள் குரோமின் திறந்த மூலநிரலான குரோமியத்திலிருந்து வந்த சூப்பர்மியம் அப்படித்தான். இதில் பாதுகாப்புத் திருத்தங்கள் எஞ்சினோடு சேர்ந்தே வந்துவிடும். ஆனால் விஸ்டாவில் முதலில் வந்த எத்தனையோ செயற்கூறுகள் எக்ஸ்பியின் கெர்னல்32 கோப்பில் (நிரல்கள் அழைக்கும் விண்டோஸின் அடிப்படைச் செயற்கூறுகள் இருக்கும் கோப்பு) கிடையாது. உலாவி அவற்றில் ஒன்றைத் தேடினால், சாளரம் திறக்கும் முன்பே பிழைச் செய்தியோடு நின்றுவிடும். இல்லாத ஒவ்வொன்றுக்கும் மாற்று எழுத வேண்டும். மூலத் திட்டம் அடுத்த மாதமே வேறொன்றைச் சேர்த்துவிடும்.

கருவிகளும் கைவிட்டுக்கொண்டே போகின்றன. ஃபயர்ஃபாக்ஸை இன்று ரஸ்ட் என்ற நிரல்மொழியின் கம்பைலர் இல்லாமல் கம்பைல் செய்ய முடியாது. அந்த ரஸ்ட் 2024இல் வந்த 1.78 பதிப்போடு தன் வழக்கமான விண்டோஸ் இலக்குகளுக்குக் குறைந்தபட்சம் விண்டோஸ் 10 வேண்டும் என்று ஆக்கிவிட்டது. பென்டியம் 3, ஏத்லான் எக்ஸ்பி பிராசசர்களில் எஸ்எஸ்இ2 கட்டளைகள் (பிறகு வந்த பிராசசர்களில் சேர்ந்த கணக்கீட்டுக் கட்டளைகள்) இல்லை. அவற்றுக்கென்று தனியாகக் கம்பைல் செய்த பில்ட் வேண்டும். அதைச் சோதிக்க அந்தக் கணினி உயிரோடு யாரிடமாவது இருக்க வேண்டும். மெய்நிகர் கணினியில் ஓடிப் பார்த்தது இதற்குப் போதாது, அடியில் இருப்பது புது பிராசசர்தானே.

பயனர்கள் அதிகம் திட்டுவது வெற்றுப் பக்கத்துக்காக. ஜாவாஸ்கிரிப்டில் 2020 வாக்கில் கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த ஒரு புதுக் குறியீடு வந்தது. பழைய எஞ்சின் அதை ஒரே ஓர் இடத்தில் பார்த்தாலும் அந்தக் கோப்பு முழுவதையும் ஒதுக்கிவிடும். பக்கம் மெதுவாகக்கூட வராது, வரவே வராது. இதைச் சேர்ப்பது ஒப்பீட்டளவில் சின்ன வேலை. வெப் காம்பொனென்ட்ஸ் (ஒரு தளம் தனக்கென்று புதுப் பக்க உறுப்புகளை உருவாக்கிக்கொள்ளும் வசதி) மாதிரியானவை எஞ்சினின் அடித்தளம் வரை போகும், அதற்கு மாதங்கள் ஆகும்.

ஒரு தளம் உண்மையானதுதானா என்று உலாவி சரிபார்க்கும் சான்றிதழ் பிரச்சினையில் மட்டும் ஃபயர்ஃபாக்ஸ் வழி வந்தவற்றுக்கு ஒரு வசதி உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 சான்றிதழ் காலாவதியானபோது, இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பைப் பயன்படுத்தும் தளங்கள் பல பழைய கணினிகளில் திறக்காமல் போயின. ஃபயர்ஃபாக்ஸ் குடும்பம் குறியாக்க நூலகத்தையும் சான்றிதழ் பட்டியலையும் கூடவே கொண்டுவருவதால், பராமரிப்பவர் பட்டியலைப் புதுப்பித்தால் போதும்.

சரி, நம்பலாமா? கடைசி வெளியீடு எப்போது என்று பாருங்கள். மாற்றக் குறிப்பில் பாதுகாப்புத் திருத்தங்களைக் கொண்டுவந்ததாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அழகான ஐகானும் புது வசதிகளும் மட்டும் இருந்து இது இல்லையென்றால் நான் தொடமாட்டேன். மூலநிரல் வெளியே இருக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் நிரலை மாற்றி வெளியிடுபவர் மாற்றிய கோப்புகளைத் தர வேண்டும் என்று அதன் உரிமமே சொல்கிறது. இவையெல்லாம் சரியாக இருந்தாலும் எக்ஸ்பியில் வங்கி வேலை வேண்டாம். உலாவியை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டாலும், அடியிலுள்ள இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. 64-பிட் பிராசசர் இருந்தால் லேசான லினக்ஸ் போட்டு இன்றைய ஃபயர்ஃபாக்ஸை ஓட்டுவதுதான் என் முதல் பரிந்துரை. வெறுமனே படிக்க மட்டும் என்றால் டில்லோ, நெட்சர்ஃப் மாதிரியான சின்ன உலாவிகள் அருமையானவை. டில்லோ 2015க்குப் பிறகு வெளியீடே இல்லாமல் கிடந்து 2024இல் 3.1.0 ஆகத் திரும்பி வந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். இந்த உலாவிகளில் ஒன்று உங்களிடம் ஓடுகிறதென்றால், நீங்கள் வைத்திருக்கும் கணினி பராமரிப்பவரிடம் இல்லாமல் இருக்கலாம். ஏதாவது உடைந்தால் “வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதாதீர்கள். பிராசசர் பெயர், நினைவகம், இயங்குதளம், சர்வீஸ் பேக் எல்லாம் எழுதுங்கள். எந்தப் பதிப்பு வரை சரியாக ஓடியது என்று சொன்னால் இன்னும் நல்லது; உடைத்த மாற்றம் அந்த இரண்டு பதிப்புகளுக்கு நடுவில்தான் இருக்கும், நாட்கணக்கில் தேட வேண்டியதை அது மிச்சப்படுத்தும். அதற்காகவே, புதிய பில்டைப் போடும்போது பழைய ஜிப் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள்.