கார் சார்ஜ் ஏறுகிறது, பிளக் ஏன் சுடுகிறது?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி: "போன மாதம் டியாகோ ஈவி என்ற மின்சார கார் வாங்கினோம். 24 கிலோவாட் ஹவர் பேட்டரி, 3.3 கிலோவாட் சார்ஜர் உள்ள மாடல். போர்ட்டிகோவில் வாஷிங் மெஷினுக்காகப் போட்டிருந்த 15 ஆம்பியர் பாயின்ட்டில் மாட்டி சார்ஜ் போடுகிறோம். ஒரு மணி நேரத்திலேயே பிளக் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது, சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றிப் பழுப்பு ஏறியிருக்கிறது. சில நாட்களில் கேபிள் பெட்டியில் எர்த் ஃபால்ட் விளக்கு எரிந்து சார்ஜ் நின்றுவிடுகிறது. எம்சிபி (கரண்ட் அளவை மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்) விழவில்லை, அதனால் பயமில்லை என்கிறார் எலக்ட்ரீஷியன். 7.2 கிலோவாட் வால் பாக்ஸ் (சுவரில் மாட்டும் சார்ஜிங் பெட்டி) போட்டால் எல்லாம் சரியாகிவிடும், பாதி நேரத்தில் ஏறிவிடும் என்கிறார் கடைக்காரர். யார் சொல்வது சரி? கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? 80 சதவீதத்தோடு நிறுத்த வேண்டுமா?"

இருவர் சொல்வதும் சரியில்லை. முதலில் ஒன்று செய்யுங்கள்: இன்று இரவு அந்தப் பாயின்ட்டில் காரை மாட்டாதீர்கள். பழுப்பு ஏறிய சாக்கெட் அடுத்து கருகும், அதற்கு அடுத்து உருகும். ஒன்றிரண்டு நாள் வெளியே சார்ஜ் போட்டுச் சமாளியுங்கள்.

எம்சிபி ஏன் விழவில்லை? அதற்குத் தெரிந்தது ஒயரில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்பது மட்டும்தான். உங்கள் கார் இழுப்பது சுமார் 14 ஆம்பியர், அது அளவுக்குள்தான் இருக்கிறது. பிளக் பின்னும் சாக்கெட்டின் பித்தளையும் சேரும் இடத்தில் பிடிப்பு தளர்ந்திருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அங்கே வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலே போதும்: 14 x 14 x 0.1, கிட்டத்தட்ட 20 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்குகிற சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். அப்படி ஒன்றைச் சாக்கெட்டுக்குள் செருகி மணிக்கணக்கில் விட்டுவைத்த மாதிரிதான் இது. இத்தனைக்கும், மெயின் போர்டிலிருந்து 20 மீட்டர் தள்ளி இருக்கும் பாயின்ட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போயிருந்தால், போகவும் வரவுமாக அதில் 55, 60 வாட் சூடாக வீணாகும். 40 மீட்டர் ஒயரில் அது பரவிவிடுவதால் தெரிவதே இல்லை. 20 வாட் ஒரே புள்ளியில் குவிவதுதான் ஆபத்து.

"இதே பாயின்ட்டில் வாட்டர் ஹீட்டர் கூட ஓடியிருக்கிறதே" என்று கேட்பீர்கள். ஹீட்டர் இருபது நிமிடம் ஓடி நின்றுவிடும், சாக்கெட் ஆறிவிடும். காரை அடியிலிருந்து நிரப்ப எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் முழு லோடு. நம் வீட்டில் இப்படி ஓடும் பொருள் வேறு எதுவும் கிடையாது, ஏசி கூட இடையிடையே நின்று ஓடும்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வீட்டில் இதே புகாருக்குப் போயிருந்தேன். போர்டைக் கழற்றினால், நியூட்ரல் ஒயரின் ஸ்க்ரூ அரைத் திருகு தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். முனையிலிருந்த செம்பு கறுத்து, அதன் மேல் இன்சுலேஷன் இரண்டு அங்குலத்துக்குப் பொரித்த அப்பளம் போல ஆகியிருந்தது. கையால் தொட்டதும் உதிர்ந்தது. புது சாக்கெட் வாங்கிப் போட்டிருந்தாலும் அந்த ஒயர் அதையும் சுட்டிருக்கும். அதனால் உங்கள் எலக்ட்ரீஷியன் வந்தால் சாக்கெட்டை மட்டும் மாற்றிவிட்டுப் போக விடாதீர்கள். கருகிய ஒயர் முனையை, நல்ல செம்பு தெரியும் வரை வெட்டித்தான் ஆக வேண்டும். உங்கள் கேபிளின் பிளக்கையும் பாருங்கள். பின்கள் நிறம் மாறியிருந்தால் சர்வீஸ் சென்டரில் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். கருகிய பின்கள் புது சாக்கெட்டையும் கெடுக்கும். பிளக்கை வெட்டிவிட்டு நீங்களே வேறு மாட்ட வேண்டாம், வாரன்டி பேச்சு வரும்போது அது வம்பு.

என்னைக் கேட்டால் பழைய பாயின்ட்டை வாஷிங் மெஷினுக்கே விட்டுவிட்டு, காருக்கென்று மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுப்பேன். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர்: ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும். நடுவில் எங்கேயும் ஜாயின்ட் கூடாது. தனி எம்சிபி, கூடவே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்). கடையில் ஆர்சிசிபி கேட்டால் பெரும்பாலும் 'ஏசி' வகையை எடுத்துக் கொடுப்பார்கள். 'ஏ' வகை என்று கேட்டு வாங்குங்கள். கார் சார்ஜர் போன்ற எலக்ட்ரானிக் லோடுகளில் வரும் கசிவு சில நேரம் சுத்தமான ஏசியாக இருக்காது, 'ஏசி' வகைக்கு அது புலப்படாமல் போகலாம். சாக்கெட் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள 16 ஆம்பியர் போதும், செருகும்போது இறுக்கமாக இருக்க வேண்டும். போர்ட்டிகோவில் சாரல் அடிக்குமானால் மூடி வைத்த பெட்டியில் போடுங்கள். இன்னொன்று, கேபிளின் நடுவே இருக்கும் அந்தப் பெட்டி பலருடைய வீட்டில் பிளக்கிலிருந்து அந்தரத்தில் தொங்குகிறது. அந்த எடை தினமும் பின்னைக் கீழே இழுத்து இழுத்தே சாக்கெட் தளர்ந்துவிடும். பக்கத்திலேயே ஒரு கொக்கி அடித்துப் பெட்டியை மாட்டுங்கள். இந்த லைனை இன்வெர்ட்டரோடு சேர்க்கக் கூடாது. ஜங்ஷன் பாக்ஸ் வைத்து சார்ஜ் போடும் பேச்சே வேண்டாம்.

அப்புறம் அந்த எர்த் விளக்கு. பிளக் சுடுவதைவிட எனக்கு இதுதான் கவலை. எர்த் சரியில்லை என்றால் சார்ஜ் போட மாட்டேன் என்று அந்தப் பெட்டி அடம் பிடிக்கிறது, பிடிக்கட்டும். அதை ஏமாற்ற ஒரு குறுக்குவழி நம் ஊரில் உண்டு: சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் லூப் போட்டுவிடுவார்கள். விளக்கு அணைந்துவிடும், சார்ஜும் ஏறும். என்றைக்காவது அந்த நியூட்ரல் அறுந்தாலோ, மேலே சொன்ன மாதிரி கருகிக் கழன்றாலோ, 230 வோல்ட் காரின் பாடிக்கு வந்து நிற்கும். ஈரத்தரையில் செருப்பில்லாமல் நின்று கதவைத் திறப்பவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். யாராவது "லூப் போட்டுத் தரேன் சார்" என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எர்த்தைச் சோதிக்க மல்டிமீட்டர் போதும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 என்றால், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட் இருந்தால் பரவாயில்லை, பத்தைத் தாண்டினால் கோளாறு. சிலர் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 100 வாட் குண்டு பல்பைப் போட்டு, எரிகிறது பாருங்கள் என்று காட்டுவார்கள். அரை ஆம்பியர் கூட இழுக்காத பல்பு எரிந்தால், ஏதோ ஒரு வழி இருக்கிறது என்றுதான் அர்த்தம், நல்ல வழி என்று அர்த்தமில்லை. சில நாட்களில் மட்டும் விளக்கு எரிகிறது என்கிறீர்கள். எர்த் குழி காய்ந்திருக்கலாம், அல்லது குழியில் கம்பி மாட்டிய போல்ட் துருப்பிடித்திருக்கலாம். உப்பும் கரியும் போட்ட பழைய குழி என்றால் கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். நம்மில் எத்தனை பேருக்குக் குழி எங்கே இருக்கிறது என்றாவது தெரியும்? அதன் மேல் டைல்ஸ் ஒட்டிய வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் புதுக் குழி எடுத்து, எர்த் டெஸ்டர் வைத்து 5 ஓமுக்குக் கீழே வருகிறதா என்று அளந்து வாங்குங்கள்.

வால் பாக்ஸ் விஷயம் எளிது. சுவரில் மாட்டும் பெட்டி சார்ஜரே இல்லை, கொஞ்சம் விவரமான ஸ்விட்ச். ஏசியை டிசியாக மாற்றிப் பேட்டரிக்கு ஏற்றும் நிஜமான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. உங்கள் காரில் அது 3.3 கிலோவாட். 7.2 என்ன, 22 கிலோவாட் பெட்டியை மாட்டினாலும் உங்கள் கார் 3.3-ஐத் தாண்டாது. பாதி நேரத்தில் ஏறும் என்றவர் உங்கள் மாடலைக் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம். வால் பாக்ஸில் பின்கள் சூடாகும் தொல்லை இருக்காது என்பது உண்மைதான், ஆனால் அதற்கும் நல்ல எர்த்தும் தனி லைனும் வேண்டும். தவிர உங்களுக்கு அவசரம் என்ன? தினம் 40 கிலோமீட்டர் ஓட்டினால் சுவரிலிருந்து 6 யூனிட் வேண்டும், அது இரண்டு மணி நேர வேலை. அடுத்து 7.2 சார்ஜர் உள்ள கார் வாங்கும் எண்ணம் இருந்தால், இப்போதே 6 சதுர மில்லிமீட்டர் ஒயராகப் போட்டுவிடுங்கள். அந்தச் சமயத்தில் மின்வாரியத்தில் லோடை உயர்த்த வேண்டிவரும்.

பில்லுக்கு வருவோம். மாதம் 1,000 கிலோமீட்டர், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. காருக்கு ஆகும் செலவு, வீடு ஏற்கெனவே எந்தக் கட்டணப் படியில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. 450 யூனிட் ஓடும் வீடு என்றால் கார் உங்களை 500-க்கு மேலே தள்ளிவிடும். அதற்கு மேல் யூனிட் 8 ரூபாயைத் தாண்டும், 600-க்கு மேல் 9 ரூபாயைத் தாண்டும், 500-க்குள் கிடைத்த கூடுதல் மானியமும் போய்விடும். என் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 2,800 ரூபாய் வாக்கில் கூடும். லிட்டர் 100 ரூபாய், 15 கிலோமீட்டர் மைலேஜ் என்று வைத்தால் அதே 2,000 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 13,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். ஆகவே பில்லைப் பார்த்து அதிர வேண்டாம்.

80 சதவீத விதி என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) வகை பேட்டரிகளுக்கு ரொம்பப் பொருந்தும். உங்களுடையது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்). வாரம் ஒருமுறையாவது வீட்டில் மெதுவாக 100 வரை ஏற்றுவது நல்லது. எல்எஃப்பியில் நடுப் பகுதி முழுக்க வோல்டேஜ் அசையாமல் நிற்பதால், முழுதாக நிரம்பினால்தான் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு நேராகும். மற்ற நாட்களில் 80, 90 எதுவானாலும் சரி. வெயிலில் நெடுந்தூரம் ஓட்டி வந்தால் அரை மணி நேரம் ஆறவிட்டு மாட்டுங்கள்.

புது லைன் போட்ட முதல் நாள், சார்ஜ் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து, உலர்ந்த கையால் பிளக்கின் பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. தொட்ட கையைத் தானாக இழுத்துக்கொண்டால், ஸ்விட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைத் திரும்பக் கூப்பிடுங்கள், மீதிக் கூலியை அதுவரை கொடுக்காமல் வைத்திருங்கள்.