நெட்வொர்க் கேமரா அடிக்கடி ஆஃப்லைன் ஆகுது, புதுசா மாத்திடலாமா?

கும்பகோணத்துல குடோன் வச்சிருக்கேன், 12 நெட்வொர்க் கேமரால 5 அடிக்கடி ஆஃப்லைன் காட்டுது, மாட்டின ஆளு அஞ்சும் போச்சு மாத்திடுவோம்ங்கறார், மாத்தலாமான்னு கேட்டிருக்கீங்க. இப்போதைக்கு மாத்தாதீங்க சார். அஞ்சு கேமரா சொல்லி வச்ச மாதிரி ஒண்ணா சாகாது.

நான் கேமரா தொழில் பண்றவன் இல்ல. மன்னார்குடி பக்கம் எங்க மாமாவோட ரைஸ் மில்லுல கணக்கு பாக்கறேன், கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும்ங்கறதால கேமரா, பிரிண்டர், எடைமேடை எல்லாம் என் தலைல விழுந்துடும். உங்க கதையேதான் எங்களுக்கும் நடந்துச்சு, ஒரு கேமராவுக்கு தண்டம் அழுததுக்கு அப்புறம்தான் புத்தி வந்துச்சு.

நெல்லு காயற களத்து பக்கம் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச்சுல (கேமரா கேபிளெல்லாம் வந்து சேர்ற பெட்டி) 5 கேமரா இருந்துச்சு, அப்புறம் லாரி நிக்கற இடத்துக்கும் உமி கொட்டற இடத்துக்கும் இன்னும் 3 சேத்தோம், அதே ஸ்விட்ச்சுல காலியா இருந்த போர்ட்டுல (கேபிள் சொருகற ஓட்டை) சொருகிட்டு போயிட்டாங்க. கொஞ்ச நாள்லயே அந்த 3 மட்டும் சாயங்காலம் ஆனா போயிடும், காலைல பாத்தா ஒண்ணுமே தெரியாத மாதிரி ஓடிட்டு இருக்கும். மெக்கானிக் பகல் 11 மணிக்கு வருவார், எல்லாம் ஓடுதேங்கன்னுட்டு டீ குடிச்சுட்டு போவார். ரெண்டாவது தடவ இந்த லாட்டே சரியில்லன்னு சொல்லி ஒண்ண மாத்தினார், மாத்தினதும் மூணாம் நாள் அதேதான். மாமா சத்தம் போட்டார், "ஏன் மாப்ள, திருடன் ராத்திரிதானேடா வருவான், பகல்ல பாக்க எனக்கு கண்ணு இருக்குல்ல"ன்னு.

அப்பதான் மூட்டை கணக்கு நோட்டோட கடைசி பக்கத்துல எழுத ஆரம்பிச்சேன். எந்த கேமரா, எத்தன மணிக்கு போச்சு, எப்ப வந்துச்சு, அவ்ளோதான். கேமரா படத்தையெல்லாம் பதிவு பண்ற பெட்டி இருக்குல்ல, என்விஆர், அதுல லாக்னு ஒண்ணு இருக்கும், அதுலயும் வீடியோ லாஸ்னு நேரத்தோட பதிவாயிருக்கும், அத பாத்து எழுதினாலும் சரி. நாலு நாள் எழுதினதுல மூணு நாள் ஆறரை மணி வாக்குல போயிருக்கு, ஒரு நாள் மட்டும் அஞ்சே முக்காலுக்கே போயிருக்கு. அன்னிக்கு என்னன்னு யோசிச்சா, மழை மூட்டமா இருந்து சீக்கிரமே இருட்டின நாள். அப்ப பிரச்சினை மணியில இல்ல, இருட்டுலதான் இருக்கு.

இருட்டினா கேமரா என்ன பண்ணும்? ராத்திரி பாக்கறதுக்காக உள்ள இருக்கற ஐஆர் லைட்ட போடும், கரண்ட் ஜாஸ்தி இழுக்கும். எங்க கேமரா பகல்ல 5 வாட், ராத்திரி 11 வாட். நெட்வொர்க் கேபிள் வழியாவே கரண்ட் குடுக்கற பிஓஇ ஸ்விட்ச் அது, ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரைக்கும் குடுக்கும்னு பெருசா போட்டிருக்கு, ஆனா கவுத்து வச்சு அடில ஸ்டிக்கர பாத்தா எல்லா போர்ட்டுக்கும் சேத்தே 60 வாட்தான்னு சின்னதா போட்டிருக்கு. எட்டு கேமரா பகல்ல 40 வாட், ராத்திரி 88. பத்தலன்னா ஸ்விட்ச் ஏதாவது போர்ட்ட நிறுத்தித்தான் ஆகணும், நிறைய ஸ்விட்ச் கடைசி நம்பர் போர்ட்டுலேந்து நிறுத்தும், கடைசியா சொருகினது அந்த புது மூணுதான். பழி அது மேல விழுந்துச்சு பாவம்.

நிச்சயம் பண்ணிக்கறதுக்கு பட்டப்பகல்ல ஏணி வச்சு ஒவ்வொரு கேமரா மூஞ்சிலயும் கோணிச்சாக்க மடிச்சு கட்டினோம், களத்துல நெல்லு கிண்டிட்டு இருந்த அக்காங்கல்லாம் ஒரே சிரிப்பு. நாலாவது சாக்கு கட்டினதும் கடைசி கேமரா டப்புனு போச்சு. (செட்டிங்ல நைட் மோடுன்னு மாத்தினாலே ஐஆர் எரியும், ஏணியே வேணாம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. நீங்களாவது அப்படி பண்ணுங்க.) 120 வாட் ஸ்விட்ச் ஒண்ணு வாங்கி போட்டோம், அதோட அந்த தொல்லை முடிஞ்சுது.

உங்களோடதும் இதேதான்னு சொல்ல வரல. ஆனா எப்ப போகுது, எதெது சேந்து போகுதுங்கற ரெண்டையும் எழுதிட்டா பாதி வேலை உக்காந்த இடத்துலயே முடிஞ்சுடும். அதுக்கும் முன்னாடி ஒண்ணு, ஆஃப்லைன்னு நீங்க எங்க பாக்கறீங்க, போன்லயா, என்விஆர்ல மாட்டின டிவிலயா? டிவில படம் ஓடுது போன்ல மட்டும் வரலன்னா கேமராவயே தொடாதீங்க, அது இன்டர்நெட்டோ அந்த ஆப்போ சம்பந்தப்பட்ட விஷயம். டிவிலயும் வரலன்னாதான் கீழ சொல்றதெல்லாம்.

ஒரு ஸ்விட்ச்சுல இருக்கற எல்லாமே ஒண்ணா போயி ரெண்டு நிமிஷத்துல ஒண்ணா வந்துட்டா, ஸ்விட்ச்சுக்கு கரண்ட் ஆடுது. எங்க மில்லுல பெரிய மோட்டார் போடற நேரம் லைட்டே ஒரு தடவ மங்கும், அதுல ஸ்விட்ச் ஆஃபாகி ஆன் ஆகும், கேமரா எல்லாம் மறுபடி எழுந்து வர ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகும். என்விஆர மட்டும் யூபிஎஸ்ல போட்டுட்டு ஸ்விட்ச்ச சுவத்து பிளக்குல விட்டுடறாங்க, நிறைய இடத்துல இதான் நடக்குது.

கரண்ட் போயி வந்ததுக்கு அப்புறம் சிலது மட்டும் வரவே இல்லன்னா ஐபி நம்பர் (நெட்வொர்க்ல ஒவ்வொரு கேமராவுக்கும் இருக்கற விலாசம்) மாறியிருக்கும். இத நான் கத்துக்கிட்டது கஜா புயல்ல. 2018 நவம்பர் 16 விடிகாலைல அடிச்சுது, கரண்ட் மரம்லாம் சாஞ்சு ரொம்ப நாள் இருட்டுதான், கடைசில கரண்ட் வந்து எல்லாத்தையும் போட்டா பாதி கேமரா இல்ல. புயல்ல போச்சுன்னே நினைச்சோம். பாத்தா ரௌட்டர் எல்லாத்துக்கும் புது நம்பர் குடுத்திருக்கு, என்விஆர் பழைய நம்பர்லயே தேடிட்டு இருக்கு, வீடு மாறினவங்களுக்கு பழைய விலாசத்துலயே தபால் போட்ட கதை. கேமராவுக்கெல்லாம் நிலையா ஒரு ஐபி போட்டுடுங்க, ரௌட்டர் தானா பங்கு குடுக்கற நம்பருக்கு வெளில இருக்கற மாதிரி. புதுசா கேமரா சேக்கும்போதும் கவனம், ஹிக்விஷன் பெட்டிலேந்து வரும்போது 192.168.1.64ல இருக்கும், தாஹுவா 192.168.1.108ல இருக்கும், ஒரே கம்பெனி கேமரா ரெண்ட நம்பர் மாத்தாம அப்படியே சொருகினா ஒரே நம்பருக்கு சண்ட போட்டு மாத்தி மாத்தி போயி வரும்.

லேப்டாப்லேந்து பிங் பண்ணா (கேமரா ஐபிய கூப்பிட்டு பதில் வருதான்னு பாக்கறது) பதில் வருது, ஆனா என்விஆர் மட்டும் ஆஃப்லைன்ங்குதா? அப்ப பெரும்பாலும் யாரோ கேமரா பாஸ்வேர்ட மாத்தியிருப்பாங்க. என்விஆர் பழைய பாஸ்வேர்டயே திரும்ப திரும்ப தட்டிட்டு இருக்கும், சில கேமரா கோவப்பட்டு கொஞ்ச நேரம் கதவ பூட்டிக்கும், அதனால சரியான பாஸ்வேர்ட் போட்டப்புறமும் கொஞ்சம் பொறுத்து பாருங்க. அதுக்காக பழையபடி அட்மின்னே பாஸ்வேர்ட் வச்சுடாதீங்க, 2016ல மிராய்னு ஒரு வைரஸ் அந்த மாதிரி கம்பெனி பாஸ்வேர்ட மாத்தாத கேமராவா தேடித்தேடி புடிச்சுது.

மழை பெஞ்சா போகும், ரெண்டு நாள் வெயிலடிச்சா வரும்னா கனெக்டர். நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகைல இதுதான் முக்கால்வாசி. கேமராவோட வர்ற அந்த தண்ணி புகாத மூடிய போட சோம்பல்பட்டு பெட்டிலயே விட்டுட்டு போயிருப்பாங்க, கனெக்டர கழட்டி பாத்தா பின்னெல்லாம் பச்ச பூத்திருக்கும். எங்களுக்கு நெல்லு அவிக்கற பக்கம் மழையே வேணாம், ஆவியே போதும், அங்க வருஷம் ஒருதடவ இந்த வேல இருக்கும். துடைச்சு மாட்டறதெல்லாம் ரெண்டு நாளைக்குதான், வெட்டிட்டு புது கனெக்டர் அடிங்க, மூடிய போடுங்க, கேபிள் நேரா கேமராக்குள்ள ஏறாம கீழ ஒரு தொங்கல் விட்டு மேல போகட்டும், தண்ணி அந்த தொங்கல்லயே சொட்டிடும்.

கேபிளயும் ஒரு தடவ பாத்துடுங்க. 100 மீட்டர்தான் கணக்கு, குடோன் நீளத்துக்கு சுத்தி வளச்சு இழுத்தா அத எப்பவோ தாண்டியிருக்கும். கம்பிய பிளேடால லேசா சுரண்டி பாருங்க, உள்ள வெள்ளயா இருந்தா அலுமினியத்து மேல செம்பு பூசினது, வெல கம்மின்னு அததான் போட்டிருப்பாங்க. கிட்ட இருக்கற கேமராவ அது எப்படியோ ஓட்டிடும், தூரத்துல இருக்கறது ராத்திரி ஐஆர் எரியும்போது வோல்ட்டேஜ் பத்தாம விழுந்து விழுந்து எழுந்திருக்கும். எலி கடிச்சத தனியா சொல்லணுமா, நெல்லு இருக்கற இடம்.

இடி இடிச்ச மறுநாள் போச்சுன்னா மட்டும்தான் நிஜமாவே கேமராவோ ஸ்விட்ச் போர்ட்டோ செத்திருக்க வாய்ப்பு ஜாஸ்தி. ஒரு கட்டடத்துலேந்து இன்னொரு கட்டடத்துக்கு செம்பு கேபிள் இழுத்திருந்தா அந்த இடத்துல மட்டும் ஃபைபர் போட்டுடுங்க, ரெண்டு பக்கமும் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரையும் செம்பு கேபிளையும் இணைக்கற சின்ன பெட்டி) வச்சு. கண்ணாடி இழைல கரண்ட் ஓடாது, அதனால அந்த கேபிள் வழியா அடி இந்த பக்கம் வராது. எர்த்தும் ஒழுங்கா இருக்கான்னு எலக்ட்ரீசியன விட்டு பாக்க சொல்லுங்க.

கேமரா செத்துதான் போச்சுன்னு அந்த ஆளு அடிச்சு சொன்னா, ஒண்ண கழட்டி எடுத்துட்டு வந்து ஆபீஸ்ல ஸ்விட்ச் பக்கத்துலயே வச்சு, ஒரு மீட்டர் கேபிள்ல, நல்லா ஓடற கேமராவோட போர்ட்டுல சொருகி ஒரு ராத்திரி பூரா விட்டு பாருங்க. அங்க ஓடினா கேமரா மேல தப்பு இல்ல. அங்கயும் வரலன்னா மாத்துங்க, அப்பவும் அந்த ஒண்ண மட்டும்.

இப்ப உங்க அஞ்சுக்கு வருவோம். அஞ்சும் ஒரே ஸ்விட்ச்சுலேந்துதான் போகுதா, போற நேரம் பகலா ராத்திரியா, போயிருக்கும்போது ஸ்விட்ச்சுல அந்த போர்ட் லைட் எரியுதா அணைஞ்சிருக்கா, இந்த மூணயும் பாத்துட்டு கமெண்ட்ல போடுங்க. ஸ்விட்ச் அடில இருக்கற ஸ்டிக்கர ஒரு போட்டோ எடுத்து போட்டாலும் போதும், கணக்கு நான் போட்டு சொல்றேன்.