அமோனியா கசிவா, மீன் கெட்டதா: ஒரே ஸ்டிக்கர் சொல்லுமா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் மீன் மொத்த வியாபாரம் செய்கிறேன். கிடங்கின் குளிரூட்டி அமோனியாவில் ஓடுகிறது. அமோனியா பட்டால் மஞ்சளிலிருந்து நீலமாக மாறும் ஸ்டிக்கரை ஒருவர் விற்க வந்தார். சுவரில் ஒட்டினால் கசிவைக் காட்டுமாம். மீன் பெட்டிக்குள் வைத்தால் மீன் கெட்டதைக் காட்டுமாம். வாங்கலாமா?

பதில்: மீன் பெட்டிக்கு வேண்டுமானால் வாங்கிப் பார்க்கலாம். கசிவுக்கு இதை நம்பி இருக்காதீர்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஸ்டிக்கர் என்பது நடக்காத காரியம்.

மஞ்சள் நீலமாகிறது என்றால் அது பெரும்பாலும் புரோமோகிரசால் பச்சை என்ற சாயமாக இருக்கும். பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 3.8க்குக் கீழே மஞ்சள், 5.4க்கு மேலே நீலம், நடுவில் பச்சை. காரத்தன்மை உள்ள எந்த ஆவி வந்தாலும் அது மாறும்; வந்தது அமோனியாவா வேறொன்றா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. கடல் மீன் கெடும்போது பாக்டீரியா டிரைமெத்தில் அமீனை உண்டாக்குகிறது. மீன் நாற்றம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அதுதான். அதுவும் காரம்தான். ஆகவே உங்கள் கிடங்குச் சுவரில் ஒட்டியது, குழாய் கசியாமலே மெல்ல மெல்லப் பச்சையாகும். "அது எப்பவும் அப்படித்தான்" என்று ஆட்கள் பழகிவிட்டால், உண்மையான கசிவின்போது யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

ஸ்டிக்கரில் சாயம் ஏறியிருக்கும் திட்டையும் கவனியுங்கள். நல்ல தயாரிப்பில் அது நுண்துளைகள் நிறைந்த சிலிக்காவாக இருக்கும். ஒரு கிராம் சிலிக்கா ஜெல்லின் உட்பரப்பை விரித்துப் போட முடிந்தால் நாலைந்து பூப்பந்துத் திடல்கள் நிறையும். அத்தனை பரப்பிலும் சாயம் படிந்திருப்பதால்தான் கொஞ்சூண்டு ஆவிக்கே நிறம் மாறுகிறது. ஆனால் அதே துளைகள் ஈரத்தையும் உறிஞ்சும். அமோனியா காரமாக வேலை செய்யக் கொஞ்சம் ஈரம் வேண்டும். அளவு மீறினால் துளைகள் நிரம்பி, சாயம் கரைந்து வழியும். பினாங்குக் காற்றின் ஈரப்பதம் உங்களுக்கே தெரியும். குளிர் அறையிலிருந்து பெட்டியை வெளியே எடுத்ததும் வேர்க்குமே, அப்போது தாங்குமா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

இலினாய் பல்கலைக்கழகத்தில் கென்னத் சஸ்லிக்கும் அவர் குழுவினரும் 2000இல் நேச்சர் இதழில் வெளியிட்ட முறை வேறு. ஒரு சாயத்தை நம்பாமல், வெவ்வேறு வகையில் வினைபுரியும் பல சாயங்களை வரிசையாகப் புள்ளி வைத்தார்கள். ஆவி படும் முன்னும் பின்னும் ஸ்கேன் செய்து, எல்லாப் புள்ளிகளின் மாற்றத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு ஆவிக்கும் தனிக் கோலம் கிடைக்கிறது. நீரை ஒட்டவிடாத சாயங்களையும் தாங்குபொருளையும் எடுத்துக்கொண்டதால் ஈரப்பதத்தின் தொல்லையும் குறைந்தது. உங்களிடம் வந்தவர் காட்டியது ஒற்றைப் புள்ளி. அதற்கு அந்த வித்தை கிடையாது.

இனி மீன் பெட்டி. மூடிய பெட்டிக்குள் ஒரே வகை மீனுக்கு ஸ்டிக்கர் ஓரளவு உதவும். கலந்து அடுக்கினால் குழப்பும். சுறாவின் உடம்பில் யூரியா அதிகம், சீக்கிரமே அமோனியா விடும். திலாப்பியா போன்ற நன்னீர் மீனில் டிரைமெத்தில் அமீன் அவ்வளவாக உண்டாகாது.

எனக்கு அதிகக் கவலை கெம்போங் (அயிலை) மீன்தான். ஐஸ் போதாமல் சூடேறினால் அதில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். சாப்பிட்டவர்களுக்கு முகம் சிவந்து, தடித்து, தலைவலி வரும். சமைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. அது ஆவியாவதும் இல்லை என்றே சொல்லலாம், எனவே இந்த ஸ்டிக்கர் அதை மோப்பம் பிடிக்காது. கெம்போங்குக்கு தெர்மாமீட்டரும் ஐஸும்தான் காவல். பெட்டிக்குள் ஸ்டிக்கர் மஞ்சளாகவே இருக்கிறது என்று சொல்லி விற்றுவிடாதீர்கள்.

கசிவுக்கு, ஆள் பார்க்காவிட்டாலும் கத்துகிற அமோனியா அலாரம் வேண்டும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ், வேலை நாள் முழுதுக்கும் சராசரி வரம்பாக 25 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு) என்கிறது. 300 பிபிஎம் உயிருக்கே ஆபத்து. 25ஐ எட்டும் முன்பே பெரும்பாலோருக்கு வாடை தெரியும், ஆனால் அங்கேயே நிற்பவரின் மூக்கு மரத்துப்போகும். எந்த இணைப்பில் லேசாகக் கசிகிறது என்று தேடுவதற்குக் குளிர்சாதன மெக்கானிக்குகள் ஈரமாக்கிய சிவப்பு லிட்மஸ் தாளைக் குழாய் ஓரமாக நகர்த்துவது வழக்கம், நீலமானால் அங்கேதான். மலிவான பழைய வித்தை, இன்றும் நன்றாக வேலை செய்கிறது. வாடை பலமாக அடித்தால் தாளைத் தேடாதீர்கள். எல்லோரையும் வெளியேற்றி, காற்று வரும் திசைப் பக்கமாகப் போய், 999ஐ அழையுங்கள்.

தரை கழுவ குளோரின் ப்ளீச் ஊற்றுவீர்கள் என்றால் இன்னொரு சங்கடம். அது சாயத்தையே அழிக்கும். வெளுத்துப்போன ஸ்டிக்கர் அதன்பின் எதற்கும் அசையாது. அமோனியா கலந்த கிளீனரோடு ப்ளீச் சேர்ந்தால் நச்சு வாயு வேறு கிளம்பும்.

வாங்கும் முன் சாம்பிள் இரண்டு கேளுங்கள். மூடியுள்ள இரண்டு டப்பாக்களை எடுத்து, ஒன்றில் வெறும் தண்ணீர் நனைத்த பஞ்சு, இன்னொன்றில் அமோனியா கிளீனர் ஒரு சொட்டு விட்ட பஞ்சு வையுங்கள். ஸ்டிக்கரை மூடியின் உட்புறம் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். தண்ணீர் டப்பாவில் இருந்ததும் நிறம் மாறியிருந்தாலோ, சாயம் வழிந்திருந்தாலோ, அவர் மறுபடி வரும்போது அதைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.