பகடி வீடு

அன்புள்ள சார்,

வீட்டு வாடகையில் அரசு தலையிட்டது தப்பு என்று எழுதியிருந்தீர்கள். என் தாத்தா 1950களில் வள்ளியூரிலிருந்து மும்பைக்கு வந்தவர். வாடகைச் சட்டம் மட்டும் இல்லையென்றால் அவரை என்றைக்கோ காலி செய்ய வைத்திருப்பார்கள். 'சந்தை பார்த்துக்கொள்ளும்' என்பது சொந்த வீட்டுக்காரர்கள் பேசுகிற பேச்சு இல்லையா?

– மாட்டுங்காவிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாத்தாவுக்கு அந்தச் சட்டம் உதவியது, சரி. அவருக்குப் பத்து வருடம் கழித்து ரயிலேறி வந்தவரை நினைத்துப் பாருங்கள். 1947 சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையை 1940 செப்டம்பரில் இருந்த அளவிலேயே நிறுத்திவிட்டது. வாடகையும் ஏறாது, குடியிருப்பவரைக் கிளப்பவும் லேசில் முடியாது என்றால் யார் புதிதாகக் கட்டி வாடகைக்கு விடுவார்கள்? என் சித்தப்பா அப்படித் தாமதமாக வந்தவர். ஊரில் வயலை விற்ற பணத்தை, ரசீது கிடையாது, சயானில் ஓர் ஒற்றை அறைக்குப் பகடியாகக் கொடுத்தார், அதாவது வாடகைக்குக் குடியேற முன்கூட்டியே கொடுக்கும் மொத்தப் பணம். (தமிழில் பகடி என்றால் கேலி. பொருத்தம்தான்.) அப்போது பகடி வாங்குவது குற்றம், 1999 வாடகைச் சட்டம்தான் அதை அனுமதித்தது. முப்பது ரூபாய் வாடகை வாங்குகிறவர் மொட்டைமாடி ஒழுகலை எதைக் கொண்டு அடைப்பார்? மழைக்காலத்தில் கட்டடங்கள் சரிந்தன, 1969-ல் அரசே பழுதுபார்க்க ஒரு வாரியம், அதற்கென்று ஒரு வரி.

அதற்காக அரசே வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். உங்கள் மாட்டுங்காவே சந்தை உருவாக்கிய ஊர் இல்லை. 1896-ல் பிளேக் வந்து நகரம் நடுங்கிய பிறகு, 1898-ல் நகரைச் சீரமைக்க அரசு அமைத்த இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்தான் அங்கே மனை பிரித்து ரோடு போட்டது. சுதந்திரச் சந்தைக்காரர்கள் இதைக் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். எதற்கெடுத்தாலும் அரசு அனுமதி கேட்கும் பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யம் என்று சாடி 1959-ல் சுதந்திராக் கட்சி தொடங்கிய ராஜாஜிதான் 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவரும்! ரோடும் சாக்கடையும் கோர்ட்டும் அரசு பார்க்கட்டும். இல்லாதவருக்கு வாடகை உதவி வேண்டுமா, கஜானாவிலிருந்து கொடுக்கட்டும். அதை ஒரு வீட்டுக்காரர் தலையில் கட்டுவதைத்தான் தப்பு என்றேன்.

அப்புறம், எனக்குச் சொந்த வீடு கிடையாது. செம்பூரில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருக்கிறேன். அதற்கு மேல் எழுதித் தர வீட்டுக்காரருக்குப் பயம், நானும் உங்கள் தாத்தாவைப் போல அங்கேயே தங்கிவிடுவேனோ என்று.