பார்வை போனால் காது தானாகவே கூர்மையாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

உங்கள் தாத்தாவுக்குப் பார்வை போய் நாலு மாசம் ஆகிறது, "கொஞ்ச நாள் பொறுங்கள், காது தானாகக் கூர்மையாகிவிடும்" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தானாக ஆகாது. காது அதே காதுதான். அது கொண்டுவந்து தருவதை மூளை கையாளும் விதம்தான் மாறும், அதுவும் பழகப் பழகத்தான்.

என் அம்மாவுக்குச் சர்க்கரையால் விழித்திரை கெட்டு 54 வயதில் இரண்டு கண்ணும் போய்விட்டன. ஒன்பது வருஷமாகக் கூடவே இருக்கிறேன். இன்று குடத்தில் தண்ணீர் பிடித்தால், விளிம்புக்கு நாலு விரல் இருக்கும்போதே குழாயை மூடிவிடுவாள். குடம் நிறைய நிறைய, விழுகிற தண்ணீரின் சத்தம் மெலிந்து மேலே ஏறும். அது எனக்கும்தான் கேட்கிறது. கண் இருந்ததால் ஒருநாளும் கவனித்ததில்லை. ஆனால் முதல் வருஷம் முழுக்க அம்மாவும் குடத்தை வழியவிட்டவள்தான்.

அவளுக்கு பிரெய்ல், அதாவது மேடான புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும் எழுத்து, சொல்லிக்கொடுக்க வந்த சார் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். என்னோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே இருப்பார், விரல் பாட்டுக்கு வரிமேல் ஓடும். அம்மாவுக்குப் பாதியில் நின்றுபோனது. சர்க்கரை விரல் நுனியின் உணர்ச்சியையும் எடுத்துக்கொண்டிருந்தது. சாரின் போனில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் பேசும் வேகம், எனக்குத் தகரக் கூரைமேல் மழை பெய்வது போலத்தான் கேட்கும். சாதாரணமாக நமக்கு வினாடிக்கு எட்டு, பத்து அசையைத் தாண்டினாலே பேச்சு பிடிபடாது. பழகிய பார்வையற்றோர் சிலர் 22 அசை வரைக்கும் புரிந்துகொள்வதை ஜெர்மனியில் அளந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் மூளையில் பிடரிப் பக்கம் இருக்கும் பார்வைப் பகுதியும் சேர்ந்து வேலை செய்தது.

பிரெய்ல் படிக்கும்போதும் அந்தப் பகுதி இயங்குவதை 1996-லேயே ஸ்கேனில் கண்டிருந்தார்கள். அது உண்மையிலேயே படிக்கும் வேலையைச் செய்கிறதா, சும்மா கூடச் சேர்ந்து துடிக்கிறதா என்ற சந்தேகம் வரும் இல்லையா? 2000-ல் வெளியான ஒரு பெண்மணியின் கதை அதைத் தீர்த்துவைத்தது. பிறவியிலேயே பார்வை இல்லாதவர், பிரெய்லை வெகு சரளமாகப் படிப்பவர். பக்கவாதத்தில் அவருடைய பிடரிப் பகுதி இரண்டு பக்கமும் சேதமானது. அதன்பின் புள்ளிகள் விரலில் தட்டுப்பட்டன, எழுத்தாகச் சேரவில்லை. அவருக்கு ஒருநாளும் பார்த்துப் பழகாத "பார்வை"ப் பகுதிதான் அத்தனை வருஷமும் படித்துக் கொடுத்திருக்கிறது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறவியில் இழந்தவர்கள் அளவுக்கு வயதான பிறகு இழந்தவர்களின் மூளை மாறாது. அதற்காக வழியே இல்லை என்றும் ஆகாது. பார்வை உள்ளவர்களுக்கே 5 நாள் கண்ணைக் கட்டிவைத்து, பிரெய்ல் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் விரல் தொடுகைக்குப் பார்வைப் பகுதி பதில் தந்தது. கட்டை அவிழ்த்த ஒரே நாளில் அது அடங்கிவிட்டது. ஐந்து நாளில் புது நரம்புப் பாதை முளைத்துவிடாது. தடம் ஏற்கெனவே இருந்திருக்கிறது, ஆள் நடமாட்டம்தான் இல்லை.

உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இன்னொன்று. பார்வை போன முதல் வருஷத்தில் ஒரு காலையில் அம்மா, "ஏட்டி, அடுப்படித் தரை பூரா யாரு கோலம் போட்டா?" என்றாள். வெறும் சிமென்ட் தரை. நீலத்தில் சிக்குக் கோலம் என்று சொல்லி விரலால் கோடு கோடாகக் காட்டினாள். இன்னொரு நாள் கட்டிலைச் சுற்றிச் சின்னச் சின்ன ஆட்கள், தலைப்பாகையோடு. பக்கத்து வீட்டு அத்தை மந்திரிக்கக் கூட்டிப்போகச் சொன்னார். முதலில் பார்த்த டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். தனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக நினைத்து அம்மா அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள். எத்தனை மாசம் தனியாகப் பயந்துகொண்டு கிடந்தாளோ!

வேறொரு கண் டாக்டர்தான் விளக்கினார். இதற்குச் சார்ல்ஸ் பானே சிண்ட்ரோம் என்று பெயர். ஜெனீவாவைச் சேர்ந்த சார்ல்ஸ் பானே, கண்புரையால் பார்வை மங்கிய தன் தாத்தாவுக்கு ஆட்களும் பறவைகளும் வண்டிகளும் தெரிந்ததை 1760-ல் எழுதிவைத்தார். கண்ணிலிருந்து வரத்து நின்றதும் பார்வைப் பகுதி சும்மா கிடப்பதில்லை, தானாகவே படம் போட ஆரம்பிக்கிறது. காது மந்தமானவர்களுக்கு இரைச்சலும், சிலருக்குப் பாட்டும் கேட்பது இதே கதைதான். விஷயம் தெரிந்த அன்று அம்மா அழுதாள். பிறகு கோலம் வந்தால் எத்தனை புள்ளி என்று எனக்குச் சொல்வாள். தாத்தாவிடம் நீங்களாகவே கேளுங்கள், அவராகச் சொல்லமாட்டார்.

காது கேளாமையிலும் மூளை இப்படித்தான் இடத்தைக் காலியாக விடாது. பிறவியில் கேளாத பூனைகளுக்கு ஓரப்பார்வை கூடுதலாக இருக்கும். அவற்றின் மூளையில் சத்தம் கேட்பதற்கான பகுதியில் ஓரிடத்தைக் குளிரவைத்து வேலை செய்யாமல் நிறுத்தினால் அந்தக் கூடுதல் திறமை மட்டும் போய்விடும். காது கேளாத பிள்ளைகளுக்குக் காக்ளியர் கருவியை (காதுக்குள் பொருத்திக் கேட்கவைக்கும் கருவி) மூன்றரை வயதுக்குள் வைத்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்துவதும் இதனால்தான். தள்ளிப்போட்டால் அந்த இடம் வேறு வேலைக்குப் போய்விடுகிறது.

தாத்தா விஷயத்தில் காத்திருக்காதீர்கள். எல்லாவற்றையும் நீங்களே எடுத்துக் கையில் கொடுத்தால் மூளைக்குப் பழக வேலையே இருக்காது. நாளைக் காலையில் ஒரு சொம்பையும் குழாயையும் அவரிடம் விடுங்கள். வழியும். தரையைத் துடைத்துவிட்டு மறுநாளும் கொடுங்கள்.