ஆறு வயதுக் குழந்தைக்கு முதல் கத்தி: மழுங்கலாக இருந்தால் போதுமா?

கேள்வி: பெங்களூரில் இருக்கிறோம். ஆறு வயது மகள் காய் நறுக்கித் தருகிறேன் என்று அடம்பிடிக்கிறாள். கையை வெட்டிக்கொள்ளாமல் இருக்க, மழுங்கிய கத்தியாகப் பார்த்துக் கொடுக்கலாமா?

வேண்டாம். மழுங்கிய கத்தி வெள்ளரித் தோலில் பிடிக்காமல் வழுக்கும். குழந்தை தோளைச் சாய்த்து அழுத்துவாள். அந்த வேகம் முழுக்க, காயைப் பிடித்திருக்கும் மற்றக் கையில் போய் இறங்கும். முனைதான் மொட்டையாக இருக்க வேண்டும், வெட்டும் விளிம்பு கூராக இருக்க வேண்டும். பழுத்த தக்காளியின் தோல் அழுத்தாமலே கிழிந்தால் அந்தக் கூர் சரி.

அலகின், அதாவது வெட்டும் தகட்டின், நீளம் 9 முதல் 11 செ.மீ. போதும். பலரும் கவனிக்காதது அதன் அகலம். பழம் நறுக்கும் சின்னக் கத்திகளின் அலகு குறுகல். கீழே அழுத்தும்போது விரல் முட்டி பலகையில் இடிக்கும், உடனே குழந்தை கத்தியைச் சாய்த்துப் பிடிப்பாள். கிட்டத்தட்ட 3 செ.மீ. அகலம் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. கைப்பிடியை அவளே பிடித்துப் பார்க்கட்டும்: கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தொட வேண்டும். இடக்கைக் குழந்தையென்றால் ரம்பப்பல் கத்தி வேண்டாம். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் தீட்டியிருப்பதால் வெட்டு கோணலாகப் போகும்.

மொட்டை முனையும் விரல் வளையமும் வைத்த குழந்தைக் கத்திகள் ஆன்லைனில் கிடைக்கின்றன, விலைதான் கூடுதல். சிக்பேட்டைப் பாத்திரக் கடையில் அகலமான சாதாரண எஃகுக் கத்தி வாங்கி, சாணை பிடிப்பவரிடம் கொடுத்து முனையை உருட்டிக்கொண்டாலும் அதே வேலைதான். பீங்கான் கத்தி கீழே விழுந்தால் சில்லு தெறிக்கும், தவிர்த்துவிடுங்கள். அரிவாள்மனையும் இப்போது வேண்டாம். அதில் கத்தி நிற்கும், கைதான் கத்தியை நோக்கிப் போகும்.

மரம் அல்லது பிளாஸ்டிக் பலகை, அடியில் ஈரத்துணி. கண்ணாடிப் பலகையும் கிரானைட் மேடையும் வழுக்கும், கத்தியின் கூர்மையையும் கெடுக்கும். பலகை அவள் முழங்கை உயரத்துக்குச் சற்றுக் கீழே வரும்படி ஆடாத முக்காலி போடுங்கள்.

முதலில் ஏலக்கி வாழைப்பழம், வேகவைத்த உருளை. அடுத்து கோசம்பரிக்கு (ஊறவைத்த பருப்பு சேர்த்த கர்நாடகச் சாலட்) வெள்ளரி: நீங்கள் நீளவாக்கில் பிளந்து, தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்துக் கொடுங்கள். உருளும் எதையும் முழுதாகக் கொடுக்கக் கூடாது, கேரட்டை முக்கியமாக. காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகள் பூனை நகம்போல் உள்ளே மடங்கி, கட்டைவிரல் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும். பச்சை மிளகாய் பல மாதம் கழித்துப் பார்க்கலாம். விரல் எப்படியும் கண்ணுக்குப் போகும்.

பத்து நிமிடத்துக்கு மேல் நறுக்க விடாதீர்கள், கை சோர்ந்தால் பிடி தளரும். கத்தி நழுவினால் பிடிக்கப் பாயாமல் கையைத் தூக்கிப் பின்னால் நகர வேண்டும். இதைக் கத்திக்குப் பதில் மரக்கரண்டியைக் கீழே போட்டு நாலைந்து முறை பழக்குங்கள். நறுக்கி முடித்ததும் கத்தி சிங்க்கின் நுரைத் தண்ணீருக்குள் போகாமல் நேராக உங்கள் கைக்கு வரட்டும்.